தெருவில் எடுக்கும் படமெல்லாம் ஏன் சப்பென்று இருக்கிறது?

முத்துப்பட்டணம்:
கையில் பழைய கேனான் கேமரா, அதோடு வந்த 18-55 மி.மீ. லென்ஸ், அப்புறம் தூரத்தை இழுக்க ஆசைப்பட்டு வாங்கிய 55-250. நாலு மாதமாக ஞாயிறு தவறாமல் காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெரு பழம்பொருள் கடைகளையும் கானாடுகாத்தானையும் சுற்றுகிறேன். ஆட்களுக்குத் தெரியக் கூடாதென்று எதிர்ச்சாரியில் ஒதுங்கி நின்று, ஜூமை 200க்கு இழுத்து எடுப்பேன். பித்தளை விளக்கைத் துடைக்கும் கடைக்காரர் தலையில் கரண்ட் கம்பம் முளைத்திருக்கும்.

போன வாரம் கானாடுகாத்தானில் ஓர் ஆச்சி வாசலில் பாய் விரித்து மோர்மிளகாய் காயவைத்துக்கொண்டிருந்தார். பின்னால் வெள்ளைச் சுண்ணாம்புச் சுவர். படத்தில் சுவர் சாம்பல் நிறம், முகம் இருட்டு. எடிட்டிங்கில் ஷேடோவை (இருட்டான பகுதிகளை) ஏற்றினால் பொரிபொரியாக வருகிறது. கிளாரிட்டியை (விவரங்களை அழுத்திக் காட்டும் வசதி) ஏற்றினால் ஆச்சி கரி மூட்டை சுமந்தவர் மாதிரி ஆகிவிடுகிறார். கறுப்பு வெள்ளையாகவும் மாற்றிப் பார்த்தேன். அப்பத்தாவிடம் காட்டினால், "செவத்தையாடா படம் புடிச்சே?" என்கிறார். எடிட்டிங்கில் எதைக் கற்றுக்கொள்ள வேண்டும்?

ரஸ்தா:
எடிட்டிங் இருக்கட்டும், முதலில் அந்த 55-250ஐ பீரோவில் வைத்துப் பூட்டு. எதிர்ச்சாரியிலிருந்து இழுத்தால் படத்திலும் அந்தத் தூரம் தெரியும். பார்க்கிறவனுக்கு ஒளிந்து நின்று பார்த்த மாதிரிதான் இருக்கும்.

சின்ன லென்ஸை 24இல் வை. அப்பர்ச்சர் (லென்ஸின் திறப்பு) எஃப் 8, ஷட்டர் 1/500 நொடி, ஐஎஸ்ஓ (ஒளி உணர்திறன்) ஆட்டோ. மூன்று மீட்டர் தள்ளி இருக்கும் ஒரு தூணில் ஃபோகஸ் செய்துவிட்டு மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிடு. அதற்குப் பிறகு ஜூமைத் தொடாதே. இரண்டு மீட்டரிலிருந்து பத்து மீட்டர் வரை எல்லாம் தெளிவாக விழும். கேமரா ஃபோகஸ் தேடித் தடுமாறுகிற அந்த அரை நொடியில்தான் பாதிப் படம் போகிறது.

கம்பத்துக்கு மருந்து, ஒரு எட்டு இடது பக்கம் தள்ளி நிற்பதுதான்.

இருட்டறை:
இருபது வருடம் ஸ்டுடியோவில் ஃபிலிம் கழுவிய கை என்பதால் சொல்கிறேன். கேமராவின் வெளிச்சம் அளக்கும் மீட்டருக்கு வெள்ளைச் சுவர் என்று தெரியாது. எதைக் கண்டாலும் நடுத்தரச் சாம்பலாக்கத்தான் பார்க்கும். அதனால்தான் ஆச்சி முகம் இருண்டது. எக்ஸ்போஷர் காம்பன்சேஷனை (வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் வசதி) +1க்குத் தள்ளி, ஜேபெக்காக இல்லாமல் RAW ஃபைலாக எடுங்கள். குறைந்த வெளிச்சத்தில் எடுத்துவிட்டுப் பிறகு ஏற்றினால் பொரி வரத்தான் செய்யும்.

எடிட்டிங்கில் முதலில் மொத்த வெளிச்சம். அடுத்து ஹைலைட்டை (வெளிச்சமான பகுதிகளை) கொஞ்சம் இறக்கினால் சுவரின் காரை தெரியும். பிறகு முகத்தை மட்டும் மாஸ்க் போட்டுத் தனியாகப் பிரித்து லேசாக ஏற்றுங்கள். கிளாரிட்டி பக்கமே போகாதீர்கள், வயதானவர்கள் முகத்துக்கு அது பாவம். நிறம் சரியில்லை என்பதற்காகக் கறுப்பு வெள்ளைக்குப் போவதும் எனக்குப் பிடிக்காது. மோர்மிளகாயில் நிறத்தை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

படத்தின் ஓரத்தை வெட்டுவதற்குக் கூச்சப்பட வேண்டாம். பிரெஞ்சுப் புகைப்படக்காரர் கார்த்தியே-பிரெஸ்ஸோன் வெட்டுவதை விரும்பாதவர்தான். ஆனால் 1932இல் பாரிஸ் ரயில் நிலையத்துக்குப் பின்னால், தேங்கிய தண்ணீரைத் தாண்டும் ஆளை எடுத்தாரே, அந்தப் படத்தின் ஓரத்தில் விழுந்த வேலியை அவரே படத்திலிருந்து வெட்டித்தான் ஆகவேண்டியிருந்தது.

பள்ளத்தூர் வாத்தியார்:
தம்பி, ஆச்சியிடம் பேசினீர்களா? இந்தப் பக்கம் பழைய செட்டிநாட்டு வீடுகளைப் பார்க்க வருகிற கூட்டம் கேமராவோடு வாசலில் நின்றால் பெரியவர்களுக்கு எரிச்சல்தான். "ஆச்சி, ஒரு படம் எடுத்துக்கவா?" என்று கேளுங்கள். முதலில் முந்தானையைச் சரிசெய்து விறைப்பாக உட்காருவார். அதையும் எடுங்கள். பத்து நிமிடம் பேச்சுக் கொடுத்தால் உங்களை மறந்து வேலையில் இறங்கிவிடுவார். நீங்கள் தேடுவது அதற்கப்புறம்தான் வரும். பிரிண்ட் போட்டுக் கொண்டுபோய்க் கொடுங்கள்.

முத்துப்பட்டணம்:
நேற்றுப் போனேன், சின்ன லென்ஸ் மட்டும். ஆச்சி முதலில் "எந்த ஊரு, யாரு வீட்டுப் பிள்ளை?" என்று விசாரித்து முடிக்கவே கால் மணி நேரம். வாத்தியார் சொன்னபடி முதல் ஐந்தாறு படம் பாஸ்போர்ட் போட்டோதான். மொத்தம் அறுபது, உருப்படியாக ஒன்று: குனிந்து மிளகாயைப் புரட்டும் கை முன்னால், முகத்தில் பாதி வெயில். +1 வைத்ததால் சுவர் வெள்ளையாகவே இருக்கிறது. ஓரத்தில் தெரிந்த பைக் டயரை மட்டும் வெட்டினேன், முகத்தைத் துளி ஏற்றினேன்.

அப்பத்தா போனை வாங்கிக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். "இப்படி ஒண்ணு மேல ஒண்ணா போட்டா எப்படிடா காயும்? அந்த ஆச்சிகிட்ட சொல்லு" என்றார்.