மும்பை சைட்டில் முதல் நாள்: இண்டக்ஷன் புரியாமல் கையெழுத்துப் போடாதீர்கள்

மும்பையை அடுத்த தானே நகர்ப் பக்கம் ஒரு கட்டுமான சைட்டில் எலக்ட்ரீஷியனாகச் சேரப்போகும் தம்பி கேட்டிருந்தார்: "அண்ணா, முதல் நாள் சேஃப்டி இண்டக்ஷன், அதாவது பாதுகாப்பு விளக்க வகுப்பு, இருக்காம். எல்லாம் ஹிந்தியில்தான் சொல்வார்களாம். சும்மா உட்கார்ந்துவிட்டு வந்தால் போதுமா?"

போதாது தம்பி. வாடகை வீடு, லோக்கல் டிரெயின் பாஸ், தமிழ்க் கடை எங்கே என்பதையெல்லாம் மற்றவர்கள் நன்றாகவே எழுதிவிட்டார்கள். நான் இந்த ஒன்றை மட்டும் எழுதுகிறேன்.

2009இல் திருநெல்வேலியிலிருந்து வந்து தாதரில் இறங்கினேன். அந்த வாரமே நவி மும்பையில் ஒரு சைட்டில் வேலை. கண்டெய்னர் அறையில் முப்பது பேரை உட்காரவைத்து இருபது நிமிடம் ஹிந்தியில் பேசினார்கள். ஹெல்மெட் என்ற சொல்லைத் தவிர எனக்கு எதுவும் விளங்கவில்லை. எல்லோரும் தலையாட்டினார்கள், நானும் ஆட்டினேன். 'விளக்கிச் சொன்னார்கள், புரிந்துகொண்டேன்' என்று அச்சடித்த தாளில் கையெழுத்தும் போட்டேன். நான்காம் நாள் டவர் கிரேன் கம்பிக் கட்டு ஒன்றைத் தூக்கிக்கொண்டு வந்தது. "ஹடோ, ஹடோ" என்று கத்தினார்கள். யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று நினைத்து அண்ணாந்து பார்த்தபடி நின்றேன். சென்ட்ரிங் வேலை செய்த ஒருவர் ஓடி வந்து என் சட்டையைப் பிடித்து இழுத்தார். கட்டிலிருந்து நழுவிய கம்பி ஒன்று நான் நின்ற இடத்தில் விழுந்தது. 'ஹடோ' என்றால் 'விலகு' என்று அன்று ராத்திரி கேம்ப்பில் அவர்தான் சொல்லிக்கொடுத்தார்.

அப்புறம் சேஃப்டி டிப்ளமா படித்து, இன்று நானே இண்டக்ஷன் எடுக்கிறேன். அதனால் உறுதியாகச் சொல்கிறேன்: புரியவில்லை என்றால் கையெழுத்துப் போட வேண்டாம். "முஜே ஹிந்தி நஹீ ஆத்தி, கோயி தமிழ்வாலா ஹை க்யா?" என்று கேளுங்கள். மும்பையில் பெரிய சைட் எதிலும் தமிழ் தெரிந்த ஒரு ஃபோர்மேனோ கம்பி வேலைக்காரரோ கிடைப்பார். கேட்பதில் வெட்கமே வேண்டாம். தன் பாதுகாப்பு பற்றிய விவரத்தை முதலாளியிடம் கேட்டுப் பெறுவது தொழிலாளியின் உரிமை. 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் இந்த உரிமையைப் பிற்பாடு சேர்த்தார்கள், 2020இல் வந்த தொழிற்பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்திலும் இருக்கிறது. நாளைக்கு ஒரு விபத்து என்றால் முதலில் வெளியே வருவது நீங்கள் கையெழுத்திட்ட அந்தத் தாள்தான்.

ஹிந்தி பேச மெதுவாகக் கற்றுக்கொள்ளலாம். ஆனால் சில சொற்களை இன்றைக்கே மனப்பாடம் செய்துவிடுங்கள். ருகோ, நில். ஹடோ, விலகு. பீச்சே, பின்னால். ஊப்பர் தேகோ, மேலே பார். பந்த் கரோ, நிறுத்து. கரன்ட் சாலூ ஹை, மின்சாரம் ஓடுகிறது. உள்ளூர் ஆட்கள் மராத்தியில் "தாம்பா" என்று கத்தினாலும் நில் என்றுதான் அர்த்தம். நான் எடுக்கும் இண்டக்ஷனில் இந்தச் சொற்களைத் தமிழ், தெலுங்கு, வங்காளம் பேசும் பையன்களிடம் உரக்கச் சொல்லிக் காட்டாமல் யாருக்கும் கேட் பாஸ் கொடுப்பதில்லை.

எலக்ட்ரீஷியன் என்பதால் உங்களுக்குத் தனியாக ஒன்று. பேனலில் கை வைக்கும் முன் மெயினை ஆஃப் செய்து, உங்கள் சொந்தப் பூட்டைப் போட்டு, சாவியை உங்கள் சட்டைப் பையில் வையுங்கள். பெயரும் நேரமும் எழுதிய அட்டையை அதில் தொங்கவிடுங்கள். அதன் பிறகும் டெஸ்டர் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் தொட வேண்டும். மூன்று பேர் வேலை செய்தால் மூன்று பூட்டு. "நான் பார்த்துக்கிறேன், நீ வேலையைப் பார்" என்று யார் சொன்னாலும், அது ஊர்க்காரராகவே இருந்தாலும், சம்மதிக்காதீர்கள். காண்டிராக்டர் ஆட்களுக்கு எந்த லைன் எங்கிருந்து வருகிறது என்பது தெரியாது. மெயினை ஆஃப் செய்தாலும், இணைப்பு சரியில்லாவிட்டால் ஜெனரேட்டர் ஓடத் தொடங்கியதும் அதே கம்பியில் கரன்ட் திரும்பி வரும். சைட்டில் தற்காலிகமாக வைத்திருக்கும் போர்டில் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி (கரன்ட் கசிந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கிறதா, அதன் டெஸ்ட் பட்டனை அழுத்தினால் ஆஃப் ஆகிறதா என்று இண்டக்ஷன் அன்றே கேளுங்கள். இங்கே ஜூன் முதல் செப்டம்பர் வரை மழை விடாது. மார்ச்சில் கேட்ட இண்டக்ஷன் ஜூலைக்குப் போதாது. தண்ணீர் தேங்கிய தரை, ஊறிய கேபிள் ஜாயின்ட், சரியும் குழி என்று சைட்டே மாறிவிடும். மழைக்கு முன் மறுபடி ஒருமுறை சொல்லித்தரச் சொல்லுங்கள்.

உயரத்தில் வேலை என்றால் ரத்த அழுத்தம் பார்ப்பார்கள், உயரமான பலகையில் நடக்கவும் சொல்வார்கள். வலிப்பு, தலைசுற்றல், சர்க்கரை மாத்திரை எதையும் மறைக்காதீர்கள். வேலை போய்விடும் என்ற பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் கீழே ஒரு வேலை கேட்டு வாங்கலாம். ஹெல்மெட், ஷூ, பெல்ட் ஆகியவற்றுக்கோ மெடிக்கலுக்கோ சம்பளத்தில் பிடித்தம் செய்யக் கூடாது, சட்டமே அதைத் தடுக்கிறது. முகாதம் (ஆட்களை வேலைக்குக் கூட்டி வரும் மேஸ்திரி) பிடித்தால் முதன்மை நிறுவனத்தின் சேஃப்டி ஆபீசரிடம் போய்ச் சொல்லுங்கள்.

எவ்வளவு அவசரம் என்றாலும் மேன்ஹோல், டேங்க், ஆழ்குழி எதிலும் பெர்மிட் (எழுத்து அனுமதி) இல்லாமல் இறங்காதீர்கள். சாதாரணக் காற்றில் ஆக்சிஜன் சுமார் 20.9 சதவீதம், 19.5க்குக் கீழே போனால் உள்ளே போகக் கூடாது. ஹைட்ரஜன் சல்ஃபைடு வாயு முதலில் அழுகிய முட்டை மாதிரி நாறும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் வாசனையே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குகிறவர்கள் மயங்கி விழுகிறார்கள். அவர்களைத் தூக்க இறங்குகிறவரும் அங்கேயே விழுகிறார். உள்ளே இருப்பவர் உங்கள் அண்ணனே என்றாலும் மேலே நின்று ஆளைக் கூப்பிடுங்கள். ஆம்புலன்ஸுக்கு 108, பொது அவசரத்துக்கு 112.

தம்பி இன்னொன்றும் கேட்டிருந்தார்: ஊரிலிருந்து வரும் அப்பாவுக்கு சைட்டைக் காட்டலாமா? அனுமதி வாங்கினால் காட்டலாம். விசிட்டருக்கும் பத்து நிமிட இண்டக்ஷன் உண்டு, அதை அவருக்கு நீங்களே தமிழில் சொல்லிவிடுங்கள். செருப்போடு உள்ளே விட மாட்டார்கள், ஷூ கொண்டு வரச் சொல்லுங்கள். கோடு போட்ட வழியை விட்டு விலகாமல், கூட வருபவர் பின்னாலேயே நடக்க வேண்டும். ஆபத்து நேரத்தில் எல்லோரும் கூடும் அசெம்ப்ளி பாயிண்ட் எது என்று கையை நீட்டிக் காட்டிவிடுங்கள். முக்கியமாக, திரும்பும்போது கேட்டில் விசிட்டர் அட்டையைக் கொடுத்துவிட்டுப் போகச் சொல்லுங்கள். சைரன் அடித்துத் தலை எண்ணும்போது ஒரு அட்டை குறைந்தால், அவரைத் தேடி ஆட்கள் உள்ளே போவார்கள்.