மூன்று மாதத்தில் இரண்டு முறை லாரி வந்த கதை

எங்களுடையது பாதாளச் சாக்கடை இல்லாத சிற்றூர். வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க்தான். கழிவுநீர் லாரி வேண்டுமென்றால் தள்ளியுள்ள பெரிய ஊரிலிருந்துதான் வர வேண்டும். கூப்பிட்டால் இரண்டு நாள் காத்திருக்க வேண்டும்.

ஒரு நாள் காலை குளியலறைத் தண்ணீர் இறங்கவில்லை. கழிவறையில் ஊற்றினால் களக் களக் என்று சத்தம். லாரிக்காரர் வந்தார், மூடியைத் திறந்து எட்டிப் பார்த்தார், "ஃபுல்லா இருக்குங்க" என்றார். அரை மணி நேரத்தில் உறிஞ்சி எடுத்துவிட்டுக் கிளம்பிவிட்டார். மூன்றாவது மாதம் மறுபடியும் களக் களக்.

இந்த முறை வந்தவர் வேறொருவர். மூடியைத் திறந்ததும் ஹோஸை இறக்காமல், தண்ணீர் வெளியேறும் பைப் எந்தப் பக்கம் என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. அவரே தேடிக் கண்டுபிடித்துவிட்டு, "டேங்க் எப்பவுமே நிறைஞ்சுதாங்க இருக்கும். இந்த பைப் மட்டத்துல தண்ணி நின்னா அது சரியான அளவு. உங்களுக்கு அதுக்கும் மேல ஏறி நிக்குது" என்றார். பத்து வருடம் குடியிருந்த வீட்டைப் பற்றி எனக்கு அன்றுதான் இது தெரிந்தது.

உறிஞ்சி முடித்ததும் என்னைக் கூப்பிட்டு, தள்ளி நின்றபடியே டார்ச் அடித்துப் பார்க்கச் சொன்னார். வெளியே போக வேண்டிய பைப் வழியாகத் தண்ணீர் உள்ளே கொட்டிக்கொண்டிருந்தது. டேங்க்கிலிருந்து வரும் தண்ணீரை மண்ணுக்குள் இறக்கும் உறிஞ்சு குழி நிரம்பித் தண்ணீரைத் திருப்பி அனுப்புகிறது! மண் குடிக்க மறுத்துவிட்டது. அந்த பைப்பின் வாயில் இருக்க வேண்டிய 'டீ' (T வடிவ பைப் துண்டு) உடைந்து, அடியில் விழுந்து கிடந்தது. மேலே ஆடை மாதிரி மிதக்கும் எண்ணெய்ப் பிசுக்கையும் அடியில் தங்கும் கசடையும் விட்டுவிட்டு, நடுவில் உள்ள தெளிந்த நீரை மட்டும் வெளியே அனுப்புவது அந்த டீதான். அது இல்லாமல் பிசுக்கெல்லாம் நேரே குழிக்குப் போய் மண்ணை அடைத்திருக்கிறது. கடைசியில் புதிதாக ஒரு குழியே வெட்ட வேண்டியதாயிற்று. முதலில் வந்தவரையும் குறை சொல்ல முடியாது. காலி பண்ணச் சொன்னேன், காலி பண்ணினார்.

—

உங்களுக்காவது மூடி கண்ணுக்குத் தெரிந்தது. நாங்கள் வாங்கிய வீட்டில் பழைய உரிமையாளர் டேங்க் மேலேயே டைல்ஸ் ஒட்டிவிட்டுப் போயிருந்தார். லாரி வாசலில் நிற்கிறது, நாங்கள் கடப்பாரையால் தரையைத் தட்டித் தட்டிக் கேட்கிறோம். கழிவறையிலிருந்து பைப் போகும் திசையைப் பிடித்துப் போய், மூன்றாவது டைலை உடைத்த பிறகுதான் மூடி கிடைத்தது. இப்போது தரை மட்டத்துக்கு மூடியை உயர்த்திவிட்டேன். பார்க்க அசிங்கம்தான், இருந்துவிட்டுப் போகட்டும்.

—

எங்கள் வீட்டில் ஹோஸ் வாயில் துணி மாதிரி ஏதோ சிக்கிக்கொண்டது. குழந்தைக்குத் துடைக்கும் ஈரத் தாள்தான். பாக்கெட்டில் கழிவறையில் போடலாம் என்று எழுதியிருந்ததை நம்பினோம். ஒன்றுகூடக் கரையவில்லை, கயிறு மாதிரி முறுக்கிக்கொண்டு வந்தது.

அதைவிட, அப்பா செய்ததுதான் இன்னும் நினைவில் நிற்கிறது. "நானே இறங்கி எடுத்துடறேன்" என்று வேட்டியை மடித்துக் கட்டிவிட்டார். லாரிக்காரர் சத்தம் போட்டுத் தடுத்தார். காலியான டேங்க்கிலும் ஹைட்ரஜன் சல்ஃபைடு என்ற விஷ வாயு இருக்கும். முதலில் அழுகிய முட்டை நாற்றம் வரும், அளவு கூடினால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று இறங்குபவர் மயங்கி விழுவார், தூக்கப் போகிறவரும் விழுவார். "வெளிய நின்னு கொக்கி போட்டு எடுக்கலாம், ஆள் இறங்குறதா இருந்தா நான் வண்டிய எடுத்துட்டுப் போயிடுவேன்" என்று கறாராகச் சொல்லிவிட்டார். அப்பாவுக்குக் கோபம். அப்புறம் அவரே அந்த லாரிக்காரருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தார்.

—

எத்தனை வருடத்துக்கு ஒருமுறை எடுக்கிறீர்கள்? பாக்டீரியா பவுடர் போட்டால் எடுக்கவே வேண்டாம் என்கிறார்களே?

—

முதலில் எழுதியவன்தான். பவுடரை நானும் ஆறு மாதம் போட்டேன், கசடு குறையவில்லை. வேண்டிய நுண்ணுயிரி மலத்திலேயே வந்துவிடுகிறதாம். பொதுவாக 3 முதல் 5 வருடம் என்பார்கள், ஆனால் ஆள் எண்ணிக்கையையும் டேங்க் அளவையும் பொறுத்து மாறும். அதனால் இப்போது அளந்தே பார்க்கிறேன். நீளக் கம்பின் நுனியில் பழைய வெள்ளைத் துண்டைச் சுற்றிக் கட்டி, மேலே நின்றபடியே அடிவரை இறக்கிச் சில நிமிடம் விட்டு எடுத்தால், கசடு எவ்வளவு உயரம் என்று துண்டில் கருப்பாகத் தெரியும். கசடின் மேல்மட்டத்துக்கும் வெளியேறும் பைப்பில் உள்ள டீயின் கீழ் முனைக்கும் இடையே ஓர் அடிக்குக் குறைவாக இருந்தால் லாரியைக் கூப்பிட வேண்டும். போன வாரம் பார்த்தபோது இரண்டடிக்கு மேல் இடைவெளி இருந்தது. கம்பைக் கழுவிக் கொல்லையில் சாத்தி வைத்திருக்கிறேன், வீட்டில் யாரும் அந்தப் பக்கமே போவதில்லை.