உதவி லோகோ பைலட் தேர்வு: சிபாட் எழுதியவர்கள் வழி சொல்லுங்கள்

வணக்கம். ரயில்வேயில் உதவி லோகோ பைலட் வேலைக்குத் தம்பி தயாராகிக்கொண்டிருக்கிறான். 2024-இல் முதலில் 5,696 என்று அறிவித்த இடங்களைச் சில மாதங்களிலேயே 18,799 ஆக்கினார்கள். அதைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் நம்பிக்கையே வந்தது.

கணக்கு, அறிவியல் எல்லாம் படித்துவிடுவான். பயம் சிபாட் (CBAT) என்ற, கணினியில் எழுதும் திறனறித் தேர்வில்தான். ஐந்து பகுதி, ஒவ்வொன்றிலும் டி-ஸ்கோர் (மற்றவர்களோடு ஒப்பிட்டுக் கணக்கிடும் மதிப்பெண்) 42 வேண்டும். ஒன்றில் குறைந்தாலும் போச்சு, எந்தப் பிரிவினருக்கும் சலுகை இல்லை. இதற்கு முந்தைய கட்டத் தேர்வுகளைத் தமிழில் எழுதலாம், இதிலோ கேள்விகள் ஆங்கிலத்திலும் இந்தியிலும் மட்டுமே. தமிழ்வழியில் படித்த பிள்ளைக்கு இது கூடுதல் சுமை. செங்கல் அடுக்கைக் காட்டி, குறிப்பிட்ட கல்லை எத்தனை கற்கள் தொடுகின்றன என்று கேட்பார்கள் இல்லையா, அதில் விடை சரியாகவே வருகிறது, நேரம்தான் போதவில்லை.

ரயில்வேயின் ஆராய்ச்சி அமைப்பான ஆர்.டி.எஸ்.ஓ. (RDSO) இணையதளத்து மாதிரிக் கேள்விகளைப் பார்த்துவிட்டோம். அப்புறம் எதில் பழகலாம்? மதுரைப் பக்கம் கணினியிலேயே பயிற்சி தரும் இடம் உண்டா? தேர்வான அண்ணன்கள், அக்காக்கள் வேகத்தைக் கூட்டிய விதத்தைச் சொன்னால் பெரிய உதவி. கண்ணாடி இல்லாமல் 6/6 பார்வை கேட்கிறார்களே, அதை இப்போதே வெளியில் பரிசோதித்துக்கொள்வது நல்லதா என்றும் சொல்லுங்கள்.