பழைய விளையாட்டு வீரர் கார்டுகள் 40 இருக்கு, எதை கிரேடிங்குக்கு அனுப்பலாம்?

அட்டைப்பெட்டி:
வணக்கம். கையில் உள்ளவை (டாப்ஸ், ஓ-பீ-ச்சீ, ஃப்ளீர் எல்லாம் கார்டு வெளியிட்ட நிறுவனங்கள்): 1971 டாப்ஸ் பேஸ்பால் 25 (நோலன் ரயன் ஒன்று, மீதி சாதாரண ஆட்டக்காரர்கள்), 1975 டாப்ஸ் 12 (ஜார்ஜ் பிரெட் ரூக்கி கார்டு, அதாவது அவருடைய அறிமுகக் கார்டு உட்பட), 1955 டாப்ஸ் ராபர்ட்டோ கிளமென்ட்டே ரூக்கி, 1979-80 ஓ-பீ-ச்சீ வெய்ன் கிரெட்ஸ்கி ரூக்கி, 1986 ஃப்ளீர் மைக்கேல் ஜோர்டன். ரயன் கார்டின் கறுப்பு ஓரத்தில் வெள்ளைப் புள்ளிகள். பிரெட் படம் ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கு. கிளமென்ட்டே பின்பக்கம் லேசான மடிப்பு. கிரெட்ஸ்கி ஓரம் பிசிறு பிசிறா இருக்கு. ஜோர்டன் புதுசு மாதிரி பளிச். பிஎஸ்ஏ-வுக்கு (கார்டு அசலா என்று பார்த்து, அதன் நிலைக்கு 1 முதல் 10 வரை கிரேடு போடும் நிறுவனம்) மொத்தமா அனுப்பிடலாமா?

மூலைமுடுக்கு:
மொத்தமா வேண்டாம். 1971, 1975 சாதாரண ஆட்டக்காரர்களை முதலில் ஒதுக்கி வைங்க. அவை 8-க்கு மேல் வந்தால்தான் கட்டணத்துக்குக் கட்டுப்படியாகும். 1971 வரிசையின் கறுப்பு ஓரம் விரல் பட்டாலே உதிரும், அதில் 8 கிடைப்பது அபூர்வம்.

மீதிக்கு ஒரே கணக்குதான். வரும் என்று நினைக்கிற கிரேடுக்கு ஒரு படி கீழே வைத்து, அந்தக் கிரேடில் *விற்று முடிந்த* விலையைப் பாருங்க. விற்பவர் கேட்கிற விலை கணக்கில் சேராது. அதிலிருந்து கிரேடு இல்லாத கார்டின் விலை, கட்டணம், போக வர அனுப்பும் செலவு, காப்பீடு எல்லாம் கழித்த பிறகும் மிஞ்சினால் அனுப்புங்க. கட்டணமும் கார்டின் மதிப்பைப் பொறுத்து ஏறும் என்பதை மறந்துடாதீங்க.

பத்துமடங்கு:
கணக்குக்கு முன்னால் கார்டை ஒழுங்கா பார்க்கணும். இருட்டறையில் ஒரே ஒரு விளக்கு, கார்டை ஏறக்குறைய கிடையாகப் பிடித்து மெல்லத் திருப்புங்க. நேர் வெளிச்சத்தில் தெரியாத மடிப்பெல்லாம் அப்போது வரி வரியாக எழும்பும். பின்பக்கத்தையும் அப்படியே பாருங்க, பலரும் விடுவது அங்கேதான். அப்புறம் 10 மடங்கு லூப் (சின்ன பூதக்கண்ணாடி) வைத்து நான்கு மூலையும்.

சென்டரிங் (படம் கார்டின் நடுவில் இருக்கா என்பது): இடது, வலது ஓரங்களை மில்லிமீட்டரில் அளந்து, பெரியதை இரண்டின் கூட்டுத்தொகையால் வகுங்க. பிறகு மேல், கீழ் ஓரங்களுக்கும் இதே மாதிரி. முன்பக்கம் 60/40 வரை 9, 65/35 வரை 8, 70/30 வரை 7. இது உச்சவரம்பு மட்டும்தான், மூலை மழுங்கியிருந்தால் அதற்கும் கீழே போகும்.

அட்டைப்பெட்டி:
நன்றி சார். பிரெட்: இடது 3 மிமீ, வலது 1.5. மூலைகள் கூர்மை. கிளமென்ட்டே மடிப்பு சாய்த்துப் பார்த்தால் முன்பக்கமும் லேசா தெரியுது. கனமான புத்தகத்துக்கு அடியில் வைத்தால் மறையுமா? ரயன் கார்டின் புள்ளிகளுக்கு மார்க்கர் தொட்டு வைக்கலாமா?

பத்துமடங்கு:
ரெண்டும் கூடவே கூடாது! மார்க்கர் மை லூப்பில் தனியாக மினுங்கும். திருத்தப்பட்ட கார்டு என்று எண் போடாமல் திருப்பி அனுப்புவாங்க, கட்டணமும் போச்சு. மடிப்பு என்பது நார் உடைந்த இடம், அழுத்தினால் ஒட்டாது.

பிரெட் 3/4.5, அதாவது 67/33. 8 கிடையாது, 7-தான் எதிர்பார்க்கணும். ஒரு படி கீழே, 6-இன் விலையில் கணக்கு நிற்குதான்னு பாருங்க. கிளமென்ட்டே, மடிப்பு இருப்பதால் பெரும்பாலும் 4-ஐத் தாண்டாது. ஆனாலும் அதை அனுப்புங்க. அந்தக் கார்டுக்கு அசல் என்ற சான்றுதான் முக்கியம், 3 வந்தாலும் வாங்க ஆள் உண்டு.

மூலைமுடுக்கு:
கிளமென்ட்டே கார்டை இப்போ எதில் வச்சிருக்கீங்க? 1955 டாப்ஸ் 2⅝ × 3¾ அங்குலம். 1957 முதல் வந்த 2½ × 3½ அளவுக்கான உறையில் திணித்தால் மூலை நசுங்கும். பெரிய அளவு மெல்லுறை, அதற்கு மேல் வளையக்கூடிய அரைக்கெட்டி உறை. டாப்லோடர் எனும் கெட்டி பிளாஸ்டிக் உறை வேண்டாம், வெளியே எடுக்கும்போதுதான் அடிபடும்.

ஓரக்கண்:
கிரெட்ஸ்கி பிசிறைப் பார்த்துப் பயப்படாதீங்க, ஓ-பீ-ச்சீ கார்டுகள் ஆலையிலேயே அப்படி வெட்டுப்பட்டு வந்தவை. நாலு ஓரமும் மழமழன்னு இருந்தால்தான் யாரோ பின்னால் நறுக்கினார்களோ என்று அளந்து பார்க்கணும். பின்பக்கம் பிரெஞ்சு மொழியும் இருக்கான்னு பாருங்க, அதுதான் ஓ-பீ-ச்சீ அடையாளம். அதே வருஷம் அதே 18-ஆம் எண்ணில் டாப்ஸ் கிரெட்ஸ்கியும் உண்டு, விலை வேற.

எனக்கு உறுத்துவது ஜோர்டன்தான். 57-ஆம் எண் ஃப்ளீர் அளவுக்குப் போலி வந்த கார்டு குறைவு. 132 கார்டு கொண்ட அதே வரிசையில் மலிவான வேறு ஆட்டக்காரர் ஒருவரை வாங்கி, லூப்பின் கீழ் ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல வைங்க. தடிமன், பின்பக்க அட்டையின் நிறம், அச்சுப் புள்ளிகளின் அமைப்பு, மேல் மூலை முத்திரையின் எழுத்து விளிம்பு, எல்லாம் ஒத்துப்போகணும்.

அட்டைப்பெட்டி:
வாங்கிப் பார்த்தாச்சு. மலிவு கார்டில் முத்திரை எழுத்து பிளேடால் வெட்டின மாதிரி இருக்கு. ஜோர்டனில் அதே எழுத்து பூச்சி அரித்த மாதிரி கலங்கியிருக்கு, தடிமனும் குறைவு. அது போகாது. ரயன் 4-தான் வரும்னு தோணுது, கணக்கு நிற்கலை. பிரெட்டும் 6 விலையில் நிற்கலை. கிளமென்ட்டே, கிரெட்ஸ்கி ரெண்டு மட்டும் அனுப்புறேன்.