பழைய ஐபோனில் க்ராப் செய்த படம் வெறுமையாக வருகிறது, வழி சொல்லுங்கள்

வணக்கம் நண்பர்களே. பயனர் தன் படத்தை பிரவுசரிலேயே இழுத்து, சாய்த்து, வெட்டி (க்ராப்) 400×400 பிக்சல் அளவில் ஏற்றும் பக்கம் ஒன்றைச் செய்கிறேன். ஆயத்த லைப்ரரி எதுவும் இல்லை, கேன்வாஸும் (பிரவுசரில் படம் வரையும் பரப்பு) பாயின்டர் ஈவன்ட்டும் (விரல், மவுஸ் அசைவைத் தெரிவிப்பது) மட்டும்தான்.

இழுப்பதில் குறையில்லை. விரலோடு பக்கமும் நகர்ந்த தொல்லை, சிஎஸ்எஸ்ஸில் 'டச்-ஆக்‌ஷன்: நன்' போட்டதும் போய்விட்டது. வெட்டும் இடம் தள்ளிப்போனதற்குக் காரணம் திரை அளவில் கணக்குப் போட்டது: 4032 பிக்சல் அகலப் படம் திரையில் 336 பிக்சல் அகலத்தில் தெரிந்தால் எல்லாவற்றையும் 12-ஆல் பெருக்கியாக வேண்டும். இதைப் பலர் தவறவிடுகிறார்கள்.

சிக்கல் 48 மெகாபிக்சல் ஜேபெக்கில். 8064×6048 என்றால் சுமார் 4.88 கோடி பிக்சல். ஐஓஎஸ் 16 சஃபாரியில் ஒரு கேன்வாஸ் தாங்குவது 1,67,77,216 பிக்சல் மட்டுமே. முழுப் படத்தையும் வரைந்து, சுழற்றி, பிறகு வெட்டுவதால் கன்சோலில் எச்சரிக்கையோடு வெற்றுப் படம் வருகிறது.

400×400 கேன்வாஸையே முதலில் நகர்த்தி, சுழற்றி, அதில் நேராக வரைந்தால் வரம்பு குறுக்கே வராது. ஆனால் 6000 பிக்சலை ஒரே அடியில் 400 ஆக்கும்போது தலைமுடி, சேலைக் கரை போன்ற நுண்ணிய கோடுகள் ரம்பப்பல் மாதிரி உடைகின்றன. பாதி பாதியாகக் குறைக்கலாம் என்றால், 7 டிகிரி சாய்வை எந்தப் படியில் சேர்ப்பது? முதலிலா, கடைசியிலா? செய்து பார்த்தவர்கள் நிரலோடு (code) சொன்னால் பெரிய உதவி.