மூன்றாவது குழுக்கடன் வாங்கிப் பள்ளிக் கட்டணம் கட்டலாமா?

கேள்வி (திருப்பூர், பெருமாநல்லூர் சாலை)

வணக்கம். கணவர் பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டெய்லர். நான் செக்கிங் வேலைக்குப் போகிறேன். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி போட்டதிலிருந்து, ஒன்றரை ஷிப்ட் ஓடிய கம்பெனியில் ஒரு ஷிப்ட் வேலையே சில வாரங்களில் முழுதாகக் கிடைப்பதில்லை. இருவர் சம்பளமும் சேர்ந்து சனிக்கிழமை 4,600 ரூபாய் கைக்கு வந்தால் அது நல்ல வாரம். லைன் வீட்டு வாடகை 5,000. இரண்டு குழுக்கடன்களுக்கு மாதம் 7,000 போகிறது. செயின், தோடு, வளையல் மூன்றும் 60,000 ரூபாய்க்கு அடகுக் கடையில் 2 ரூபாய் வட்டியில் இருக்கின்றன, அதற்கு 1,200. எண்ணெய், பருப்பு, காஸ் எதுவும் பழைய விலையில் இல்லை. மகள் ஐந்தாம் வகுப்பும் மகன் இரண்டாம் வகுப்பும் தனியார் பள்ளியில் முடிக்கிறார்கள். ஜூனில் 18,000 கட்டியாக வேண்டும். மாதம் 2,300 தவணையில் மூன்றாவது கடன் தருகிறோம் என்று வீட்டுக்கே வந்து கேட்கிறார்கள். வாங்கலாமா?

பதில் (கோபிசெட்டிபாளையம்)

வேண்டாம் அம்மணி. கூட்டுறவுக் கடன் சங்கத்தில் நகைக்கடன் பிரிவில் பல ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் இதைச் சொல்கிறேன்.

உங்கள் வருமானம் நல்ல மாதத்தில் 18,400. இப்போதே கடனுக்கும் வட்டிக்கும் 8,200 போகிறது. மூன்றாவதையும் சேர்த்தால் 10,500. ஒரு குடும்பம் கட்டும் எல்லாக் கடன் தவணைகளும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது என்பது 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் உள்ள குழுக்கடன் போன்ற நுண்கடன்களுக்கு ரிசர்வ் வங்கி வைத்த விதி. உங்கள் வருமானத்தைக் கூட்டி எழுதினால்தான் இந்தக் கடன் வரும். அப்படி எழுதிய தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். தவணை தவறினாலும் காலை 9 மணிக்கு முன்போ மாலை 6 மணிக்குப் பின்போ உங்களைக் கூப்பிட்டு வசூல் கேட்க அவர்களுக்கு அனுமதி இல்லை என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் கவனிக்க வேண்டியது அந்த நகை. 2 ரூபாய் வட்டி என்றால் ஆண்டுக்கு 24 சதவீதம். கூட்டுறவுச் சங்கத்திலும் அரசு வங்கியிலும் பெரும்பாலும் ஒரு ரூபாய்க்குள் முடியும். தங்கம் ஏறியிருக்கும் விலையில், அன்று 60,000 பெற மூன்று நகைகள் தேவைப்பட்டிருந்தால் இன்று இரண்டே போதுமானதாக இருக்கலாம். சங்கத்தில் நகைக்கடன் தரும் நாளையும் கிராமுக்கு எவ்வளவு தருவார்கள் என்பதையும் முன்கூட்டியே கேட்டுக்கொண்டு, நம்பிக்கையான உறவினரிடம் ஒரே நாளுக்குக் கைமாற்று வாங்கி, காலையில் கடையில் மீட்டு மதியத்துக்குள் சங்கத்தில் வைத்துவிடுங்கள். வைக்கும்போது ஒவ்வொரு நகைக்கும் தனி ரசீது கேளுங்கள். எல்லாவற்றையும் ஒரே ரசீதில் வைத்தவர்கள், தோட்டை மீட்கும் அளவுக்குப் பணம் சேர்ந்த பிறகும் முழுத் தொகைக்காகக் காத்திருந்து, கடைசியில் மொத்தமும் ஏலத்துக்குப் போனதை என் மேசைக்கு முன்னாலேயே பார்த்திருக்கிறேன்.

பதில் (அவிநாசி)

அக்கா, நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். பிள்ளைகளின் பள்ளியை மாற்றினால் ஊரார் என்ன நினைப்பார்களோ என்று இரண்டு வருடம் கடன் வாங்கிக் கட்டினேன். அதை நினைத்தால் இப்போதும் வருத்தமாக இருக்கிறது. உங்கள் மகள் ஆறாம் வகுப்புக்குப் போகும் நேரத்தில் இருப்பதால்தான் இதை அழுத்திச் சொல்கிறேன். ஆறு முதல் பன்னிரண்டு வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் கல்லூரி முடியும் வரை மாதம் 1,000 ரூபாய் வரும். மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடும் அதே ஏழு வகுப்புகளையே கணக்கில் எடுக்கிறது. ஏழாம் வகுப்பில் மாற்றினால் அந்தக் கணக்கில் ஒரு வருடம் விட்டுப்போகும். மகனுக்கு, ஆண் பிள்ளைகளுக்கும் அதேபோல் உதவித்தொகை தர 2024 ஆகஸ்டில் கோயம்புத்தூரில் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டம் இருக்கிறது. அரசு தொடக்கப் பள்ளியில் காலை உணவும் கிடைக்கும். என் மகன் ரவா உப்புமா போடும் நாளில் மட்டும் முகம் சுளிப்பான். பொங்கல் என்றால் எனக்கு முன்னால் எழுந்துவிடுவான்.

சேர்ப்பதற்கு முன் பள்ளிக்கு ஒரு நாள் நேரில் போங்கள். கழிப்பறை எப்படி இருக்கிறது, கணக்குக்கு ஆசிரியர் இருக்கிறாரா என்று பாருங்கள். நான் முதலில் பார்த்த பள்ளியில் மனம் ஒப்பாமல் சற்றுத் தள்ளியிருந்த பள்ளியைத் தேர்ந்தெடுத்தேன். பழைய பள்ளியில் பாக்கி இருப்பதால் மாற்றுச் சான்றிதழ் தாமதமானாலும், அதைக் காரணம் காட்டி எட்டாம் வகுப்பு வரை சேர்க்கையை மறுக்கக் கூடாது என்று 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் சொல்கிறது.

பதில் (சிங்காநல்லூர்)

இரண்டு விஷயங்கள் மட்டும். கம்பெனியில் இ.எஸ்.ஐ. (தொழிலாளர் அரசுக் காப்பீடு) பிடிக்கிறார்களா என்று சம்பளச் சீட்டைப் பாருங்கள். தொழிலாளி பங்கு 0.75 சதவீதம்தான். அது இருந்தால் குடும்பம் முழுவதற்கும் மருத்துவம் உண்டு. தேவையான நாள்களுக்குச் சந்தா கட்டியிருந்தால், உடம்புக்கு முடியாத நாள்களில் கூலியில் 70 சதவீதம் ஆண்டுக்கு 91 நாள் வரை வரும். அடுத்தது மின்சாரம். வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்றாலும், லைன் வீட்டில் பொது மீட்டர் இருந்தால் அது குடியிருப்பவருக்கு வந்து சேராது. அடுத்த வீடு பார்க்கும்போது தனி மீட்டர் இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். வாடகை 200 ரூபாய் கூடுதலானாலும் கணக்குப் போட்டுப் பாருங்கள்.

கேட்டவர்

மூவருக்கும் நன்றி. ரசீதை எடுத்துப் பார்த்தேன். மூன்று நகைகளும் ஒரே ரசீதில்தான் இருக்கின்றன. கைமாற்றுக்கு என் பெரியப்பா ஒத்துக்கொண்டார். புதன்கிழமை சங்கத்துக்கு வரச் சொல்லியிருக்கிறார்கள். கணவருக்குப் பள்ளி விஷயத்தில் இன்னும் முழு மனதில்லை. வரும் வாரம் இருவரும் நேரில் போய்ப் பார்க்கிறோம். மூன்றாவது கடனுக்காகக் கொடுத்திருந்த ஆதார் நகலை இன்று காலை திருப்பி வாங்கிவிட்டேன்.