வீணையில் 'சகுரா' வாசித்தால் ஏன் சகுராவாக இல்லை?

ஈசூன் வீணை:
எங்கள் புளோக்கில் ஒன்பதாம் மாடியில் ஒரு ஜப்பானிய அம்மா இருக்கிறார். கோட்டோ என்ற தந்தி வாத்தியம் வாசிப்பவர். என் வீணைச் சத்தம் கேட்டு ஒருநாள் கதவைத் தட்டினார், அப்படித்தான் பழக்கம். அடுத்த மாதம் சமூக மன்றத்தில் இருவரும் சேர்ந்து 'சகுரா சகுரா' என்ற ஜப்பானிய நாட்டுப்பாட்டை வாசிக்க ஒப்புக்கொண்டிருக்கிறோம்.

பாட்டைக் கேட்டு ஸ்வரப்படுத்திவிட்டேன். ச, ரி1, ம1, ப, த1. காந்தாரமும் நிஷாதமும் கிடையாது. எடுப்பு 'ம ம ப, ம ம ப'. முடிவு 'ச ரி ப ம ரி ச'. ஒரு ஸ்வரம்கூடத் தப்பவில்லை. ஆனாலும் நான் வாசித்தால் அது வேறு ஏதோ பாட்டாகிவிடுகிறது. அந்த அம்மா மரியாதைக்குத் தலையாட்டுகிறார். அதைப் பார்க்கும்போதுதான் எனக்கு மனம் தாங்கவில்லை. இது எந்த ராகம்? எங்கே தவறுகிறேன்?

பழைய பாட்டு டீச்சர்:
அம்மா, ஸ்வரம் சரிதான். தீட்சிதர் வழியில் இதைச் சுத்த சாவேரி என்பார்கள். தியாகராஜரின் சுத்த சாவேரி வேறு என்பதால் இன்று இதற்குக் கர்நாடக சுத்த சாவேரி என்று பெயர். ஆனால் ராகத்தின் பெயர் தெரிந்ததும் கை கமகத்துக்கு, அதாவது ஸ்வரத்தை அசைத்து வாசிப்பதற்கு, போய்விடும். உங்கள் சிக்கல் அங்கேதான் என்று நினைக்கிறேன். ரிஷபத்தை அசைக்கிறீர்களா? அசைக்காதீர்கள். மத்தியமத்திலிருந்து ரிஷபத்துக்கு வழுக்கிக்கொண்டு இறங்காதீர்கள்.

கோட்டோவில் 13 தந்திகள். ஒவ்வொன்றுக்கும் தந்தியைத் தாங்கும் தனித்தனிக் குதிரை, அதுவும் நகரக்கூடியது. வலக்கையின் மூன்று விரல்களில் மீட்டுவதற்கான செயற்கை நகம் மாட்டி மீட்டுவார்கள். இடக்கையால் குதிரைக்கு அப்பால் தந்தியை அழுத்திச் சுருதியை ஏற்றவும் செய்வார்கள், ஆனால் தேவைப்பட்ட இடத்தில் மட்டும். மற்றபடி மீட்டிய நாதம் தானாகக் கரையும்வரை விட்டுவிடுவார்கள். நமக்கோ அந்த இடைவெளி பொறுக்காது, எதையாவது போட்டு நிரப்பிவிடுவோம்.

இன்னொன்று: உங்கள் வீணையின் சுருதியை மாற்றித் தந்தியை வருத்தாதீர்கள். குதிரைகளை நகர்த்தி அவரே உங்கள் சுருதிக்கு வந்துவிடலாம்.

நாதஸ்வரப் பைத்தியம்:
சகுராவோடு நிறுத்திவிடாதீர்கள், அக்கா. ஒகினாவாத் தீவுகளின் பாட்டுகளைக் கேளுங்கள். அவற்றில் பலவும் ச க3 ம1 ப நி3 என்று போகும். நம் கம்பீர நாட்டை ராகம்! சுவாமி புறப்பாட்டில் அந்த ராகத்தில் நாதஸ்வர மல்லாரி கேட்டு வளர்ந்த காது உடனே நிமிர்ந்து உட்காரும். அங்கே சன்ஷின் என்று மூன்று தந்தி வாத்தியம், பாம்புத்தோல் போர்த்தியது. 'தின்சாகு நு ஹனா' என்ற பாட்டில், காசித்தும்பைப் பூவால் நகத்துக்குச் சாயம் ஏற்றுவதுபோல் பெற்றோர் சொல்லை நெஞ்சில் ஏற்றிக்கொள் என்று வரும். மருதாணி வைத்துவிடும் பாட்டி இருக்கும் எந்த வீட்டிலும் அதற்கு விளக்கம் தேவைப்படாது.

ஈசூன் வீணை:
டீச்சர், நேற்று இரவு போய் வாசித்தேன். ரிஷபத்தை அசைத்துக்கொண்டுதான் இருந்திருக்கிறேன். நீங்கள் சொல்லும்வரை எனக்கே தெரியாது. முதலில் மின்விசிறியை நிறுத்தச் சொன்னார் அந்த அம்மா. அதன் இரைச்சலில் நாதத்தின் வால் கேட்பதில்லையாம். 'ம ம ப' வாசித்து இடக்கை விரலை வீணைத் தண்டின் மெட்டில் அப்படியே வைத்திருந்தேன். பஞ்சமம் மெல்ல மெல்லத் தேய்ந்தது. அது முழுதும் அடங்கிய பிறகுதான் அடுத்த 'ம' எடுத்தேன். அவ்வளவு நேரம் காத்திருக்க என் விரல் பட்ட பாடு!

இந்த முறை அவர் தலையாட்டவில்லை. பாட்டு முடிவதற்குள் நகங்களை எடுத்து மாட்டிக்கொண்டு, குதிரைகளை ஒவ்வொன்றாக நகர்த்தத் தொடங்கிவிட்டார்.

தம்பி, காசித்தும்பைப் பாட்டு அவருக்கும் தெரியுமாம். சனிக்கிழமை எடுக்கிறோம்.